மசூர் கடைச் சஹன்

சம்மாந்துறையைத் தாண்டி அம்பாறைக்குப் போகும் ரோட்டில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் மசூரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. கடைக்குப் பின்னால், எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளியில் தலை போன தென்னைகள் வெறும் கம்பங்களாக நின்றன. நாலாவது வருடமாக அவற்றை வெட்ட வேண்டுமென்று மசூர் சொல்லிக்கொண்டிருந்தான். வெட்டவில்லை.

மசூர் சவுதியில் ஒரு எண்ணெய்க் கம்பனி முகாமின் குசினியில் அமெரிக்கர்களுக்குச் சமைத்தவன். ஊருக்கு வந்ததும் களிமண்ணால் ஒரு போறணை கட்டினான். அதில் வட்டமான பாண் ஒன்றைச் சுட்டான். மேலே தக்காளி, வெங்காயம், துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த எருமைத்தயிர். அதற்கு மேல் அவனுடைய இறைச்சி. மாட்டின் நெஞ்சிறைச்சியை உப்புத் தண்ணீரில் நாட்கணக்கில் ஊறப்போட்டு, மிளகும் கொத்தமல்லியும் அப்பி, தேங்காய்ப் பொச்சுமட்டைப் புகையில் தொங்கவிட்டு, கடதாசி மாதிரி சீவி வைப்பான். பாணுக்கு பிஸ்ஸா, இறைச்சிக்கு பஸ்ராமி என்று அவன் பெயர் சொன்னான். லொறிக்காரர்கள் ஒன்றைத் தட்டுப்பாண் என்றார்கள், மற்றதைக் கறுப்பிறைச்சி என்றார்கள். அந்தப் பெயர்களே நின்றன. சீனித் தொழிற்சாலைக்குப் போகிறவர்களும் அறுவடைக்கு வந்த மிசின்காரர்களும் வாங்குகளில் நெருங்கி உட்கார்ந்து தின்றார்கள். பெண்கள் வந்தால் இருப்பதற்கு ஒரு மூலையைப் பன்பாயால் மறைத்திருந்தான். அந்த மூலைக்குப் பெண்கள் வந்தது குறைவு.

முகைதீன்பாவா அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் வயலுக்குப் போவார். சாய்ந்தமருதில் வீடு, மல்வத்தைப் பக்கம் ஒரு போடியாரின் வயல். விதைப்பிலிருந்து சூடடித்து நெல் ஏற்றும்வரை அந்த வயலுக்குப் பொறுப்பான முல்லைக்காரர் அவர். கடையில் பிளேன்டீ குடிப்பதோடு சரி. தட்டுப்பாணை அவர் வாயில் வைத்ததில்லை.

குறைவாகப் பேசுகிற மனிதர். நெல் மிதிக்கும் களவெட்டியில் வளர்ந்த பழக்கம் அது. அடுக்கிய நெற்கதிர்ச் சூட்டைப் பிரித்து மிதிக்கும்போது களத்தில் கண்ட வார்த்தை பேசக்கூடாது. 'முடிந்தது', 'இல்லை', 'குறைவு' என்று எவனாவது வாய்விட்டால் பொலி இறங்கிவிடும் என்பது அவருடைய வாப்பா காலத்து நம்பிக்கை. இப்போது மாடுகள் போய் உழவுமிசின் வந்து மிதிக்கிறது. அதன் இரைச்சலில் யார் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்காது. ஆனாலும் அவர் களத்தில் வாயைத் திறப்பதில்லை. நல்ல காரியம் ஒன்று நடந்துகொண்டிருக்கும்போது வார்த்தை அதைக் கெடுத்துவிடும் என்று அவர் நம்பினார்.

அந்த மாசியில் அவருடைய மருமகன் ஜெமீல் சவுதியிலிருந்து வந்திருந்தான்.

சூறாவளி கூரையைக் கொண்டுபோன பிறகு, வீட்டைத் திருப்பிக் கட்டத்தான் அவன் போனான். வீடு அவன் பெண்சாதி, முகைதீன்பாவாவின் மகள் றுகையாவுடையது. அந்தப் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை அதில் வந்து இருப்பான், கட்டுவான், திருத்துவான். ஆனால் அது அவனுடையதாகாது. அவன் போகும்போது றுகையாவுக்கு ஐந்து மாதம். இப்போது லைலா ஓடித் திரிகிறாள். வீட்டுக்கு அஸ்பெஸ்டஸ் கூரையும் சீமெந்துத் தரையும் வந்திருந்தன. ஜெமீல் மட்டும் வரவில்லை. விமானத்தால் இறங்கியவன் பெட்டிகளோடு கல்முனைக்குடியில் தன் உம்மா வீட்டுக்குப் போனான். அங்கேயே இருந்தான்.

பயணத்தால் வந்த புருசன் பெண்சாதி வீட்டில் பெட்டி இறக்காவிட்டால் ஊருக்கு வேறு செய்தி தேவையில்லை.

"என்ன கா சபியா, மருமகன் வந்த எண்டாங்க, செண்ட் மணத்தக் காணல்ல?" என்று மீன் வாங்க வந்த இடத்தில் ஒருத்தி கேட்டாள்.

"அவர்ர உம்மாக்குச் சொகமில்ல கா" என்றாள் முகைதீன்பாவாவின் மனைவி சபியா உம்மா.

"ஓம், ஓம். அக்கரைப்பத்துல இரிந்து மருந்து வருதாம் எண்டு கேள்விதான்."

மற்றவர்கள் சிரித்தார்கள். சபியா உம்மா மீனை வாங்காமல் வந்துவிட்டாள்.

அக்கரைப்பத்துக் கதை இதுதான். ஜெமீலுக்கு சுல்பிகா என்று ஒரு தங்கை. வயது ஏறிக்கொண்டு போகிறது. உம்மா இருப்பது வாடகை வீடு, அவளுக்குக் கொடுக்க வீடு இல்லை. அக்கரைப்பத்தில் ஒரு மாப்பிள்ளை வீடு இல்லாமலே அவளை எடுக்கச் சம்மதித்திருக்கிறான். பதிலுக்கு, புருசன் செத்து இருக்கிற அவனுடைய மூத்த சகோதரியை, லாத்தாவை, ஜெமீல் கலியாணம் முடிக்க வேண்டும். றுகையாவை விட்டுவிட்டு முடிக்க வேண்டும். இது பேச்சளவில் இருக்கிறதா, முடிந்துவிட்டதா என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

பள்ளிவாசலுக்குப் போய் முறையிடலாம். ஒவ்வொரு தாய்வழிக் குடிக்கும் பள்ளியில் வழக்குத் தீர்க்க ஒரு மரைக்கார் இருக்கிறார். ஆனால் பள்ளிக்குப் போன கதை பெரும்பாலும் தலாக்கில் முடிவதைத்தான் முகைதீன்பாவா கண்டிருந்தார். அவர் பொறுத்தார். ஒருநாள் அஸர் தொழுகை முடிந்து வெளியே வரும்போது ஜெமீலே அவர் பக்கத்தில் வந்து நின்றான்.

"மாமா, உங்களோட கொஞ்சம் கதைக்கணும்."

"ஊட்ட வாங்க மகன்."

"ஊட்ட வேணா. பள்ளியிலயும் வேணா. மசூர்ர கடைக்கு வாங்க. அங்கிட்டு நம்மட ஆக்கள் வாற இல்ல." செருப்பைப் போட்டுக்கொண்டு, நிமிராமலே சொன்னான். "றுகையாவையும் கூட்டிட்டு வாங்க."

அந்தக் கடைசி வார்த்தையை முகைதீன்பாவா வழி முழுக்க வைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். விடப்போகிறவன் பெண்ணைக் கூட்டி வரச் சொல்வானா?

சொன்ன நாளில் கடையடியில் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது வெயில் ஏறியிருந்தது. அறுத்த வயலில் தாள் மட்டும் நின்றது. தூரத்தில் கட்டியிருந்த சூடுகள் யானைக் கூட்டம் படுத்திருப்பதுபோலத் தெரிந்தன. றுகையா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு பன்பாய்க்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். லைலா போறணையின் வாயில் தெரிந்த நெருப்பைப் பார்த்தபடி உம்மாவின் மடியில் இருந்தாள்.

முகைதீன்பாவா குசினிப் பக்கம் போனார். மசூர் மாவைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"மசூர், ஒண்டு மட்டும் போடு. பெரிசா."

"எத்தின பேர் காக்கா?"

"நானும் மருமகனும். பொம்புளைக்கு வேற குடு. எங்களுக்கு ஒரு தட்டுல வை. வெட்டாத."

"வெட்டாம எப்பிடி? இது எட்டாத்தான் வெட்டுற. அமெரிக்கன் அப்பிடித்தான் திண்ட."

"நீ எப்ப அமெரிக்கனா போன?"

மசூர் சிரித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். அவர் எதைக் கேட்கிறார் என்பது அவனுக்கு விளங்கியது. ஊரில் இரண்டு குடும்பம் பகைத்துக்கொண்டால், பேசி முடித்த கையோடு மரைக்கார் ஒரு சஹனை வைக்கச் சொல்வார். நாலைந்து பேர் சுற்றியிருந்து தின்கிற பெரிய வட்டத் தட்டு அது. பகைத்தவர்கள் அதில் எதிரும் புதிருமாக இருந்து கை வைப்பார்கள். கை வைத்துவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு பழையதைக் கிளறுகிறவனை ஊர் மதிக்காது.

"காக்கா," என்றான் மசூர், "இது பாண்."

"எதுவா இரிந்தா என்ன? தட்டு ஒண்டுதானே."

ஜெமீல் யாரிடமோ வாங்கிய மோட்டார் சைக்கிளில் வந்தான். அத்தர் மணம் அவனுக்கு முன்னால் வந்தது. ஸலாம் சொல்லி, எதிர் வாங்கில் உட்கார்ந்தான். மெலிந்திருந்தான். கழுத்து கறுத்துப் போயிருந்தது.

"வெள்ளாமை எப்பிடி மாமா?"

"அல்லாட காவல். பன்றி கொஞ்சம் விழுந்திட்டு. மத்தப்படி பரவால்ல."

"மழ?"

"கதிர் வரக்குள்ள பெய்ஞ்ச."

அவர்களுக்கு நடுவில் ஒரு ஈ வந்து உட்கார்ந்தது. ஜெமீல் அதை விரட்டினான்.

"அங்க எப்பிடி மகன்? வெயிலோ?"

"வெயில்தான் மாமா. இரும்பத் தொட ஏலா. கை பொசுங்கிரும்."

"சாப்பாடு?"

"கிடைக்கும். பெரிய தட்டுல கொட்டுவாங்க. யமனி, பாக்கிஸ்தானி, நம்ம ஆக்கள், எல்லாரும் சுத்தி இரிந்து திங்கிற. பக்கத்துல இரிக்கிறவன்ட பேர் தெரியா. அடுத்த நாள் அவன் இரிக்க மாட்டான், வேறொருத்தன் இரிப்பான்."

முகைதீன்பாவா தலையாட்டினார். அவர் காதில் அது விழவில்லை. அவர் குசினி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெமீல் பன்பாய்ப் பக்கம் திரும்பி, "லைலா" என்று கூப்பிட்டான். பாயின் ஓரத்தில் ஒரு சின்ன முகம் வந்தது. அவன் சட்டைப் பையிலிருந்து மினுங்கும் கடதாசியில் சுற்றிய டொபி ஒன்றை எடுத்து நீட்டினான். பிள்ளை டொபியைப் பார்த்தது, அவனைப் பார்த்தது, முகம் மறைந்தது. உள்ளே றுகையா எதையோ மெதுவாகச் சொல்வது கேட்டது. பிள்ளை வரவில்லை. அவன் டொபியை மேசையில் வைத்தான்.

"பழகினா வருவா" என்றார் முகைதீன்பாவா.

"ஓம் மாமா." அவன் விரலால் மேசைப் பலகையின் வெடிப்பைத் தடவினான். "மாமா, நான் உங்களக் கூப்பிட்ட ஒரு..."

மசூர் தட்டைக் கொண்டுவந்து வைத்தான்.

பித்தளைத் தாம்பாளம் ஒன்றைத் தேடி எடுத்திருந்தான். அதன் விளிம்புவரை பாண் நிறைந்து கிடந்தது. தயிர் உருகிக் கொப்புளித்து, ஓரங்கள் கருகியிருந்தன. கறுப்பிறைச்சி மேலே சுருண்டிருந்தது. புகையும் மிளகும் கலந்த மணம். வெட்டவில்லை.

"பிஸ்மில்லா சொல்லுங்க மகன்" என்றார் முகைதீன்பாவா.

"மாமா, அதுக்கு முன்ன நான் சொல்றத..."

"சாப்பாட்ட முன்னால வெச்சிட்டுக் கதைக்கப்படா. திண்டு போட்டுக் கதைப்பம்."

ஜெமீல் தட்டைப் பார்த்தான். பசித்தவனுடைய பார்வைதான் அது. காலையில் ஒன்றும் தின்றிருக்க மாட்டான் என்று பாயின் இடுக்கால் பார்த்துக்கொண்டிருந்த றுகையாவுக்குத் தோன்றியது. பேச்சு ஒன்று கிடந்தால் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. அவள் அறிந்த ஜெமீல் அப்படித்தான்.

முகைதீன்பாவா முதலில் கை வைத்தார். ஓரத்தைப் பிய்த்தார், கை சுட்டது, விடவில்லை. பிறகு காத்திருந்தார். ஜெமீலின் கை மேசைக்கு மேல் வந்தது, எதிர்ப்பக்க ஓரத்தைப் பிய்த்தது, வாய்க்குப் போனது.

முகைதீன்பாவா கண்களைத் தாழ்த்திக்கொண்டார். கண்ணீர் வந்துவிடும் போலிருந்தது. தன் பக்கத்து இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மருமகன் பக்கம் தள்ளினார். சஹனில் மூத்தவர் அப்படித்தான் செய்வார். "தின்னுங்க மகன். இதைத் தின்னுங்க." தயிரின் புளிப்பும் இறைச்சியின் உப்பும் அவருக்குப் பழக்கமில்லை. ஆனாலும் மென்றார்.

"மாமா, சுல்பிகாட விசயம்..." என்றான் ஜெமீல், பாதி விழுங்கியபடி.

"திண்டு போட்டு மகன்."

இருவரும் தின்றார்கள். வயலில் எங்கோ மிசின் நின்று, மறுபடி கிளம்பியது. பாயின் அந்தப் பக்கம் றுகையாவின் தட்டில் பாண் ஆறிக்கொண்டிருந்தது. பிள்ளை மட்டும் தக்காளியைப் பொறுக்கித் தின்றது.

தட்டு காலியானதும் மசூர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தான். ஜெமீல் கழுவிய கையைத் துடைக்காமல் நின்றான். விரல்களிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"மாமா..."

முகைதீன்பாவா அந்த ஈரக் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"ஒண்டும் சொல்லாதீங்க மகன். எனக்கு விளங்கிட்டு. ஒரு சஹன்ல கை வெச்சிட்டம். முடிஞ்சிட்டு. வெள்ளிக்கிழம மஃரிபுக்குப் பொறகு ஊட்ட வாங்க. பெட்டியோட வாங்க."

ஜெமீலின் வாய் திறந்திருந்தது. அவன் பன்பாயைப் பார்த்தான். றுகையா இடுக்கால் அவன் கண்களை நேராகக் கண்டாள். அவன் ஒரு குரலுக்காக நிற்கிறான் என்று தெரிந்தது. 'வாப்பா, அவர் சொல்றதக் கேளுங்க' என்று சொல்ல நாலைந்து வார்த்தை போதும். வாப்பாவும் புருசனும் நிற்கிற இடத்தில், கடையில், அந்நிய ஆண்களுக்கு முன்னால் அவள் குரல் எழுந்ததில்லை. எழவில்லை. அவன் கையை உருவிக்கொண்டு ஸலாம் சொன்னான். மோட்டார் சைக்கிளின் சத்தம் போய், அதன் புழுதியும் அடங்கியது. டொபி மேசையில் கிடந்தது. லைலா வந்து எடுத்துக்கொண்டாள்.

பஸ்ஸில் றுகையா சொன்னாள்: "வாப்பா, அவர் என்னமோ சொல்ல வந்தார்."

"சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன? கை சொல்லிட்டு."

அவர் அன்று நிறையப் பேசினார். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். சந்தியில் சைக்கிள் கடைக்காரனிடம் சொன்னார். வீட்டுக்குள் கால் வைக்க முன்னமே சபியா உம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னார். அவள் மறுநாள் மீன் வாங்கப் போன இடத்தில் சொன்னாள். "வெள்ளிக்கிழம வாறார். செண்ட் மணம் ஊட்டுக்கே வருமாம் கா, மூக்கப் பொத்திக்கங்க" என்றாள். இந்த முறை சிரித்தது அவள். வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். கட்டிலுக்குப் புதுப் பாய் வந்தது.

வெள்ளிக்கிழமை நெய்ச்சோறும் கோழியும் ஆக்கி, சஹனை வைத்துக் காத்திருந்தார்கள். இசாத் தொழுகைக்கும் பள்ளியில் வாங்கு சொல்லியாகிவிட்டது. சோற்றின் மேல் நெய் உறைந்தது. யாரும் வரவில்லை.

திங்கட்கிழமை பள்ளியிலிருந்து ஆள் வந்தது.

பள்ளி விறாந்தையில் மீராமுகைதீன் மரைக்கார் இருந்தார். அவருக்கு முன்னால் ஜெமீல் தலை குனிந்து இருந்தான். தலாக் சொல்ல வந்திருக்கிறான் என்றார் மரைக்கார். முகைதீன்பாவா அதை நம்பாதவர் போல நின்றார். பிறகு எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்:

"என்னோட ஒரு சஹன்ல கை வெச்சவன் இவன். மசூர் சாட்சி. கை வெச்சிட்டுத் திரும்ப ஏலுமா? நீங்களே சொல்லுங்க மரைக்கார்."

மரைக்கார் ஜெமீலைப் பார்த்தார். "மெய்யா தம்பி?"

"திண்ட மெய்தான்" என்றான் ஜெமீல். "அது கடைச் சாப்பாடு."

"ஒரு தட்டு!" என்று கத்தினார் முகைதீன்பாவா. அவர் கத்தி அங்கே யாரும் கேட்டதில்லை.

"மாமா, நான் அங்க திங்க வரல்ல." அவன் குரல் உடைந்திருந்தது. "கதைக்க வந்த. கேக்கவே வெக்கமான ஒண்டக் கேக்க வந்த. நாலு நாள் மனசுக்குள்ள பாடமாக்கிட்டு வந்த."

"என்னத்த?"

"சுல்பிகாவ இஞ்சயே ஒரு நல்ல பொடியனுக்கு முடிச்சி, றுகையாட ஊட்டுல கொஞ்ச நாளைக்கி வெச்சிக்க விடுவீங்களா எண்டு. அங்கால ஒரு அற சும்மா கிடக்குதானே. நான் திரும்பிப் போய் அவளுக்கு ஒரு ஊடு கட்டுற வரைக்கும்தான். ஊடு றுகையாட. அதான் அவளையும் கூட்டி வரச் சொன்ன."

பெண்சாதி வீட்டில் தன் தங்கையைக் குடியிருத்தக் கேட்பது அந்த ஊரில் ஆண்பிள்ளை கேட்கிற கேள்வி இல்லை. அவன் அதைக் கேட்க வந்திருக்கிறான்.

"ஓம் எண்டிரிப்பனே," என்றார் முகைதீன்பாவா மெதுவாக. "மகன், நான் ஓம் எண்டிரிப்பனே."

"நீங்க திங்கச் சொன்னீங்க."

"இப்பவும் ஓம் எண்டுறன்."

"அண்டைக்கி அந்திக்கே அக்கரைப்பத்து ஆக்கள் வந்திட்டாங்க. மாமா ஏலா எண்டிட்டார் எண்டு உம்மா நெனச்சிட்டா. நான் வாயத் திறந்து கேக்கவே இல்ல எண்டு உம்மாக்கு எப்பிடிச் சொல்ற? உம்மா வார்த்த குடுத்திட்டா. சுல்பிகாட கையப் பிடிச்சி வார்த்த குடுத்திட்டா."

மரைக்கார் வெற்றிலையைத் துப்ப எழுந்து போனார். திரும்பி வர நேரமெடுத்தார். வந்து உட்கார்ந்ததும், "சஹனுக்கு முன்னால ரெண்டு பக்கமும் கதைச்சி முடிக்கணும் முகைதீன்பாவா. கதைச்ச பொறகுதான் சஹன்" என்றார். அது முகைதீன்பாவாவுக்குத் தெரியாத முறை இல்லை.

அன்று பின்னேரம் அவர் வயலுக்குப் போகவில்லை. சூடு மிதிக்க மிசின் வந்து நின்றது, போடியாரின் மகன் ஆள் அனுப்பினான், அவர் போகவில்லை. சுண்ணாம்பு மணக்கும் முன்னறையில், ஜெமீலின் காசில் போட்ட சீமெந்துத் தரையில் இருந்தார். சபியா உம்மா உள்ளே சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். லைலா பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு முற்றத்தில் மணலைக் குவித்து விளையாடினாள்.

றுகையா சோறு கொண்டுவந்து வைத்தாள். கீரி மீன் ஆணமும் கொஞ்சம் கீரைச் சுண்டலும். அவர் தொடவில்லை. அவள் தனக்கு வேறு தட்டு எடுக்கப் போனவள், போகாமல், அவருக்கு எதிரே இருந்தாள். அவருடைய தட்டில் கை வைத்து ஒரு பிடி பிசைந்தாள். பிறந்ததிலிருந்து வாப்பாவின் தட்டில் அவள் கை வைத்தது அதுதான் முதல் தடவை. அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பிசைந்தார்.

இரண்டு பேரும் தின்றார்கள். முள்ளை எடுத்து ஓரத்தில் வைத்தார்கள். தட்டின் நடுவே சோறு குறைந்துகொண்டே வந்தது. முற்றத்தில் பிள்ளைகள் எதற்கோ சண்டை பிடித்துக் கத்தினார்கள், பிறகு அந்தச் சத்தமும் அடங்கியது.

"கதை புள்ள" என்றார் முகைதீன்பாவா. "திங்கக்குள்ளயும் கதை."

றுகையா வாயைத் திறந்தாள். சொல்வதற்கு இப்போது ஒன்றும் இருக்கவில்லை. மீனின் நடுத்துண்டை முள் நீக்கி அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.